முகூர்த்த நேரத்தில் படுத்த சேர்வர்

பிள்ளைகளே, நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. போன கிழமை உங்களில் ஒருவர் போன் எடுத்து, "அங்கிள், புதுசா வந்த ஆக்களுக்கு உங்கடை அனுபவத்தை நாலு வரி எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். நாலு வரியா? என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் இப்படிக் கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

எங்கள் தொழில் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை. "வீடியோக் கடை" என்கிறார்கள். சொல்லட்டும், எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. மானிப்பாயில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு, கலியாணவீடு, சாமத்தியவீடு, தேர்த் திருவிழா, செத்தவீடு என்று இங்கே நடக்கிற எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் என்றால் பாதி இங்கே, பாதி விமானம் ஏறிய இடத்தில். அந்த இரண்டு பாதியையும் ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருத்தி வைப்பதுதான் நம் வேலை. அதைச் செய்கிற சேர்வர், ஒரு பெரிய கணினி, எங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு கிடந்தது. அதில் ஓடியது லினக்ஸ். உலகத்தார் கூடி எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று பொதுவில் விட்ட மென்பொருள். பொதுவில் விட்டார்கள்தான், ஆனால் எங்கள் மேல்மாடிக் கந்தோரில் அதைத் தொட உரிமை உள்ளவன் நான் ஒருவன் என்று நானே சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கறுப்புத் திரை இருக்கிறதே, வெள்ளை எழுத்து மினுங்க மினுங்க, அதற்கு முன்னால் இருந்தால் எனக்கு ராசா மாதிரி இருக்கும். யாராவது பின்னால் வந்து நின்றால் வேண்டுமென்றே இன்னும் வேகமாகத் தட்டுவேன். சிலவேளை ஒன்றும் செய்யாத கட்டளைகளைக்கூடத் தட்டியிருக்கிறேன். பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய ஒருவர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் பஸ் பிடித்து வந்து சண்டை பிடிப்பார். அவர் இரண்டு விரலால் மட்டும் தட்டுவார். ஒரு நாள் நான் அவசரத்தில் எதையோ அழித்துவிட்டு முழிசிக்கொண்டு நிற்க, அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி மடியில் வைத்தார். "தம்பி, நெருப்புப் பிடிச்சாலும் முதல் கையை மடியிலை வை. பத்து எண்ணு. பேந்து தட்டு" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். நெருப்புப் பிடித்த வீட்டில் நின்று பத்து எண்ணுகிறவனை என்னவென்று சொல்லுவது!

ஒருநாள் சனிக்கிழமை, மருதனார்மடத்துச் சந்தையில் ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நிற்கிறேன். முதலாளி போனில். சேர்வர் இறுகிவிட்டதாம், ஏதோ ஓர் அம்மன் கோயில் தேர் நேரலையில் போய்க்கொண்டிருக்கிறதாம், என்ன செய்ய? ஓடிப்போக நேரமில்லை. போனிலேயே கட்டளையைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். முதலாளி நல்ல மனிதர், ஆனால் எந்தச் சொல்லை எழுதினாலும் அது முடிந்தது என்பதற்கு அடையாளமாக என்ரர் விசையைத் தட்டுகிற பழக்கம் அவருக்கு. நான் ஏழு சொல் சொன்னேன். அவர் ஏழு முறை என்ரரைத் தட்டினார். "நிறுத்து" என்ற முதற் சொல்லிலேயே எல்லாம் நின்றுவிட்டது. தேர் பாதி வீதியில்; கனடாவுக்குப் போன படம் கறுப்பு. நான் சந்தைக்கு நடுவில் நின்று "தட்டாதேங்கோ! நான் சொல்லும்வரைக்கும் தட்டாதேங்கோ!" என்று கத்துகிறேன். கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனுசி எழும்பி வந்து, "தம்பி, வீட்டிலை ஆரும் அடிபடுகினமோ?" என்று கேட்டாள்.

அந்தச் சம்பவத்திலிருந்து நான் படித்த பாடம் என்ன தெரியுமா? இனி நான் கந்தோரை விட்டு நகரக்கூடாது, யாரையும் கிட்ட விடக்கூடாது என்பது. எவ்வளவு பெரிய அறிவு பாருங்கள்.

சரியான பாடத்தைச் சொன்னவள் ஜெனிற்றா. குருநகரிலிருந்து வேலைக்கு வந்தவள், கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முகத்துக்கு நேரே சொன்னாள்: "அங்கிள், முதலாளியிலை பிழை இல்லை. உங்களைத் தவிர ஒருத்தருக்கும் விளங்காத மாதிரி வச்சிருக்கிறியளே, அதுதான் பிழை."

"ஓ! பேந்தென்ன, படம் போட்டுக் காட்டச் சொல்லுறியோ?"

"ஓம், அதைத்தான் சொல்லுறன்."

சொன்னதோடு விடவில்லை, அப்படிப் படம் போட்டுக் காட்டுகிற ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டாள். அதுவும் பொதுவில் கிடைக்கிற மென்பொருள்தான். சேர்வரில் ஏற்றிவிட்டால் உலாவியைத் திறந்து, போனிலிருந்துகூட, பொத்தான்களை அழுத்தி எல்லாவற்றையும் நடத்தலாம். வன்வட்டில் எவ்வளவு இடம், எந்தச் சேவை ஓடுகிறது, எத்தனை பேர் பார்க்கிறார்கள், எல்லாம் படமாக வரும். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் வில்லங்கம். அவள் அதைப் "பலகை" என்றாள். நான் "கண்டறியாத பொம்மைப் பெட்டி" என்றேன். மூன்று நாள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

நாலாம் நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெல்லத் திறந்தேன். அட கோதாரி! பிள்ளைகளே, நான் என்ன சொல்ல! பத்து வருடமாக நான் தடவித் தடவிப் பார்த்த சேர்வர், லைற் போட்ட வீடு மாதிரி முன்னால் நிற்கிறது. எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிகிறது. நான் அறியாமலேயே இரண்டு வருடமாக வீணாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவையைக்கூட அன்றைக்குத்தான் கண்டேன். யாருக்கும் சொல்லாமல் அழுத்தி நிறுத்தினேன். இப்போதுதான் முதன்முறை சொல்லுகிறேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. புதிதாகச் சைக்கிள் ஓடப் பழகியவன் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுகிற மாதிரி நான் அந்தப் பலகையைச் சுற்றினேன். பொத்தான்களுக்கு எல்லாம் தமிழில் பெயர் வைத்தேன். மறுபடி தொடங்குவதற்கு "எழுப்பு". நிறுத்துவதற்கு "படுக்கவை". ஆபத்தான சிவப்புப் பொத்தானுக்கு "யோசிச்சு அமத்து". முதலாளியைக் கூப்பிட்டு இருத்தி "அமத்துங்கோ அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்று நானே வாத்தியார் வேலை பார்த்தேன். ஜெனிற்றா மூலையில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

இந்தக் கொண்டாட்டத்தில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். இனிக் கவனமாகக் கேளுங்கள், யாழ்ப்பாணத்தானைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழையை விட வராது.

ஆவணி மாதம். கலியாண மாதம். ஒரு நல்ல நாளில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் தாலி கட்டுகிறார்கள். காலையில் ஒரு கலியாணத்தை அனுப்பி முடிய, மாலையில் வரவேற்புக்கு முன்னர் சேர்வரை ஒருமுறை படுக்கவைத்து எழுப்பினால் நல்லது. முன்பென்றால் நான் கந்தோரில் காவல் இருந்து அதைச் செய்வேன். பலகையில் அதற்கு ஓர் அழகான நாட்காட்டி இருந்தது. நாளைத் தொடு, நேரத்தைத் தொடு, "எழுப்பு" என்பதை இழுத்து அதற்குள் போடு, அவ்வளவுதான். நான் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகூர்த்த நாளையும் பார்த்து, சுபநேரம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்துத் தானாகப் படுத்து எழும்பும்படி முழு மாதத்துக்கும் ஒரே இருப்பில் போட்டு முடித்தேன். கால் மணித்தியாலத்தில் ஒரு மாத வேலை! எழும்பி ஒரு பிளேன்ரீ குடித்தேன், அவ்வளவு பெருமை.

சுவர்க் கலண்டர் திருக்கணித பஞ்சாங்கப்படி அச்சடித்தது. நம் ஊரில் பாதி வீட்டார் வாக்கிய பஞ்சாங்கம் பார்ப்பவர்கள். இரண்டுக்கும் நேரம் வேறு. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். கலியாண அழைப்பிதழ் மேசையிலேயே கிடந்தது. நான் அதை எடுத்து அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேனே தவிர, திறந்து பார்க்கவில்லை.

அந்தக் கலியாணம் நீர்வேலியில். நாலு பக்கமும் வாழைத் தோட்டம், நடுவில் புது மண்டபம். பலகை போனில் இருக்கிறது, இனி எனக்கென்ன கந்தோரில் வேலை என்று, பத்து வருடத்தில் முதல் தரமாக நான் கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்டேன். வேட்டி கட்டினேன், சந்தனப் பொட்டு வைத்தேன். கமராக்காரன் என்னைப் பார்த்து, "அண்ணை, மாப்பிள்ளை நீங்களோ?" என்றான்.

அங்கே போன பிறகுதான் அந்தக் குடும்பத்தின் கதை எனக்குத் தெரிந்தது. மணப்பெண்ணின் பெயரை மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இல்லை. தாய் பதின்னாலு வருடத்துக்கு முன்னர் பாரிசுக்குப் போனவர், மலருக்கு அப்போது ஒன்பது வயது. அங்கே இன்னும் விசாக் கடதாசி சரிவரவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. போனிலேயே பிள்ளையை வளர்த்தவர். பாடம் சொல்லிக் கொடுத்தது போனில், பேசியது போனில், பெரியபிள்ளையானபோது அழுதது போனில். தாய்மாமன்தான் இங்கே எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் என்னிடம் வந்து கையைப் பிடித்து, "ஐசே, அக்கா அங்கை பெரிய ரீவியிலை பார்த்துக்கொண்டு இருக்கிறா. ஒரு நிமிசம் விடுபட்டாலும் என்னைத் தின்று போடுவா, பாத்துச் செய்யும்" என்றார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். இந்தத் தொழிலில் யாரும் சொல்லக்கூடாத வசனம் அது. குறித்து வையுங்கள்.

பத்து மணி ஐந்து நிமிடம். கூறைத் தட்டம் சபைக்குள் போகிறது. தாலியும் கூறைச்சேலையும் தேங்காயும் வைத்த தட்டத்தை வரிசை வரிசையாகக் கொண்டுபோய், ஒவ்வொருவரும் தொட்டு ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நான் இரண்டாவது வடையில் நிற்கிறேன். கமராக்காரனோடு வந்திருந்த ஜெனிற்றா ஓடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அங்கிள், சேர்வர் படுத்திட்டுது!"

"ஆர் படுக்க வைச்சது?"

அவள் போனை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். பலகையில் கொட்டை எழுத்தில், நான் வைத்த பெயரோடு, நான் போட்ட நேரத்தோடு: "எழுப்பு – 10.05 – திட்டமிட்டபடி." திட்டமிட்டபடியாம்!

"சுபநேரம் ஒம்பதே முப்பத்தைஞ்சோடை முடிஞ்சுதே" என்று முனகினேன்.

"இல்லை அங்கிள், கார்ட்டிலை பத்தே முப்பத்தொண்டு வரைக்கும் எண்டு போட்டிருக்கு. உங்கடை ஆக்களிட்டை எத்தினை பஞ்சாங்கம் இருக்கு?"

"ரெண்டு."

"என்ரை மாதாவே! எங்களுக்குப் பூசை நேரம் ஒண்டுதான்."

பகிடி விட நேரமில்லை. சேர்வர் எழும்பிவிட்டதுதான். பலகையும் சின்ன வட்டில் இருந்தபடியால் உடனே வந்துவிட்டது. ஆனால் படங்கள் இருக்கிற பெரிய வட்டு எழும்பவில்லை, அது எழும்பாமல் நேரலை போகாது. இத்தனை தடவை படுத்தெழும்பினால் ஒருமுறை முழு வட்டையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. நான் மாதம் முழுவதும் படுக்கவைத்து எழுப்பி எழுப்பி, அந்தக் கணக்கைச் சரியாக இந்த முகூர்த்தத்தில் கொண்டுவந்து முட்டவைத்திருக்கிறேன். பலகையில் ஒரு நீளமான பட்டை. பச்சை நிறம் மெல்ல மெல்ல ஊர்கிறது. நூற்றுக்குப் பதினொரு வீதம். முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் என்று பக்கத்தில் காட்டியது.

பாரிசுக்குப் போன படம் கறுப்பு.

தாய்மாமன் வந்தார். அவர் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதமுடியாது. "விசரா" என்பதுதான் அதில் மரியாதையானது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "போனிலை எடுங்கோ, வீடியோவிலை எடுங்கோ!" என்றார். எடுத்தோம். மண்டபத்தில் ஐந்நூறு போன் ஒரே சிக்னல் கம்பத்தைப் பிடித்து இழுக்கிறது. பலகையின் நாலு எழுத்து அதற்குள் நுழைந்து வந்துவிடும், வீடியோ வராது. அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் வந்து, வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோய் நின்றது. பிறகு அதுவும் இல்லை. மண்டபத்தில் நல்ல தொடுப்பு என்று இருந்தது கமராவுக்கு இழுத்த எங்கள் கம்பி ஒன்றுதான், அது போகிற இடம் என்னுடைய சேர்வர்தான்.

பலகையில் பட்டைக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. "சோதனையைத் தவிர்." அழுத்தினால் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடும். வட்டில் பழுது எதுவும் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. பழுது இருந்தால்? அந்த வட்டில் இன்னும் கொடுத்து முடியாத பத்தொன்பது வீட்டுப் படம் இருந்தது. அதில் ஒன்று சுதுமலையில் ஒரு செத்தவீடு. மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து "அப்பாவின்ரை முகத்தை இன்னொருக்காப் பாக்கோணும், கெதியா அனுப்புங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தான். என் பெருவிரல் அந்தச் சிவப்புக்கு மேலே நிற்கிறது. தாய்மாமன் "அமத்தும் ஐசே, எதையாவது அமத்தும்!" என்கிறார்.

நான் போனை ஜெனிற்றாவிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சனக்கூட்டத்துக்கு நடுவில் ஒரு கதிரையில் இருந்து, இரண்டு கையையும் மடியில் வைத்தேன். பத்து எண்ணினேன். தாய்மாமன் எனக்கு ஏதோ வலிப்பு வந்துவிட்டது என்றே நினைத்தார். அந்தப் பத்துக்குள்தான் எனக்கு விளங்கியது: வட்டை அவசரப்படுத்த என்னால் முடியாது, ஆனால் முகூர்த்தம் பத்தே முப்பத்தொன்று வரை இருக்கிறதே! எங்களுக்குத் தேவை இருபது நிமிடம். அது சேர்வரில் இல்லை. மணவறையில் இருக்கிறது.

எழும்பி நேரே ஐயரிடம் போனேன். வேட்டியை மடித்துக் கட்டினேனா, விட்டேனா, ஒன்றும் நினைவில்லை. "ஐயா, பிழை என்ரை. தாய்க்குப் படம் போகேல்லை. பத்தே இருவத்தாறு வரைக்கும் தாலி கட்டாமல் இழுக்கேலுமோ?"

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மந்திரத்தை நிறுத்தாமலே மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சுபநேரத்துக்குள்ளை எப்ப கட்டினாலும் சரிதான். நான் இழுத்தா மாப்பிள்ளை வீட்டார் கேப்பினம். கூறை மாத்தப் போற பிள்ளையிட்டைச் சொல்லும். பொம்பிளை கூறை உடுக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் உலகத்திலை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்" என்றார். அப்படியே மந்திரத்தைத் தொடர்ந்தார். அந்த மனிதர் எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் நான் எப்போதோ வேலையை விட்டிருப்பேன்.

கூறையை வாங்கிக்கொண்டு மலர் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்விட்டாள். அங்கே நான் போக முடியாது. ஜெனிற்றா போனாள். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலருக்கு அப்போதுதான் விசயம் போய்ச் சேர்ந்ததாம். கூறையை அரைவாசி சுற்றியபடி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாளாம். "அம்மா பாக்காமல் நான் வெளியிலை வரமாட்டன்" என்றாளாம். உடுத்திவிட வந்த பெண்கள் "நேரம் போகுது, நேரம் போகுது" என்று பதைக்க, ஜெனிற்றா போனைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"அக்கா, இந்தப் பச்சைப் பட்டையைப் பாருங்கோ. இது மற்ற முனைக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கடை அம்மாவுக்குப் படம் தெரியும். இப்ப முப்பத்தெட்டு. எப்ப வெளிக்கிடுறது எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். அது கறுப்புத் திரையாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியிருக்கும்? வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்துப் பயந்திருப்பாள். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று நான் வெளியிலிருந்து கத்த, என்னை நம்புவதா விடுவதா என்று தெரியாமல் அழுதிருப்பாள். சேர்வர் என்றால் என்னவென்று தெரியாத ஒரு மணப்பெண், அரைக் கூறையோடு, பட்டையைப் பார்த்துத் தன் முகூர்த்தத்தைத் தானே கணக்குப் பார்த்தாள். நான் பொம்மைப் பெட்டி என்றேனே, அந்தப் பெட்டிதான் அதைச் செய்தது. எங்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று மட்டும் இந்தப் பலகைகளை யாரும் செய்யவில்லை. பாதிக்கப்படுகிற ஆளும் எட்டிப் பார்க்கலாம், பார்த்து முடிவெடுக்கலாம். இதை நான் அறுபது வயதில் வேட்டியோடு நின்று படித்தேன்.

வெளியே சபை பொறுமை இழக்கத் தொடங்கியது. தாய்மாமனுக்கு இப்போது விசயம் பிடிபட்டுவிட்டது. மனிதர் அடியோடு மாறிவிட்டார். தாலி இருந்த தட்டத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே தொட்டுக் கும்பிட்டவர்களிடமே மறுபடி போனார். "இன்னொருக்கா ஆசீர்வதியுங்கோ, இன்னொருக்கா! ஆசீர்வாதம் கூடினால் குறைவே?" ஒரு கிழவர் "தம்பி, நான் ரெண்டு தரம் தொட்டிட்டன்" என்றார். "மூண்டாந்தரம் தொட்டா இரட்டைப் பிள்ளை பிறக்கும்" என்றார் தாய்மாமன். மேளக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் "இழு, இழு" என்று காட்டினேன். நாதஸ்வரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கண்ணீர் வந்தது. கமராக்காரன் அதையும் எடுத்து வைத்திருக்கிறான், பாவி.

எண்பத்து மூன்று வீதத்தில் பட்டை நின்றது.

பத்தே இருபத்திரண்டு. அசையவில்லை. பத்தே இருபத்து மூன்று. அசையவில்லை. அறைக் கதவு ஓர் அங்குலம் திறந்து ஜெனிற்றாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "அங்கிள், நிக்குது! தவிர்க்கவோ எண்டு அக்கா கேக்கிறா."

எனக்குத் தெரியும், பெரிய கோப்புகள் கிடக்கிற இடத்தில் அது அப்படித்தான் நின்று யோசிக்கும். தெரியும் என்பது வேறு, அந்த நேரத்தில் சொல்லுவது வேறு. "வேண்டாம். பழுதெண்டால் சிவப்பாகும். பச்சை எண்டால் வேலை செய்யுது. பத்தே இருவத்தேழு வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு நானே அமத்துறன், பழி எனக்கு" என்றேன். கண் மறைந்தது. கதவு மூடியது.

பிறகு அந்த அறைக்குள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள்! பெண்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து! சபையில் பாதிப் பேர் பாம்பு வந்துவிட்டது என்று எழும்பிவிட்டார்கள். பட்டை எண்பத்து மூன்றிலிருந்து ஒரே பாய்ச்சலாக நூறுக்குப் போயிருக்கிறது. ஜெனிற்றா நேரலைக்குரிய "எழுப்பு" என்பதை அழுத்தியிருக்கிறாள். பாரிஸ் என்று எழுதியிருந்த இடத்தில் பச்சைப் புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது.

மலர் வெளியே வந்தாள். நடந்து வந்தாள் என்று எழுதினால் பொய். கூறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தோழி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மணவறையில் இருக்க முன்னர் கமராவுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, முகத்தை நேரே காட்டிவிட்டுப் போனாள். பத்தே இருபத்தொன்பதுக்குக் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. தாய்மாமன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சற்று முன்னர் என்னை விசரன் என்றவர். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்!

சனம் சாப்பாட்டுக்கு எழும்பிப் போக மண்டபம் வெறிச்சென்று ஆனது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கு முந்நூறிலிருந்து நூறாகி, முப்பதாகி, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்று பாரிஸ். நான் "படுக்கவை" என்பதற்கு விரலைக் கொண்டுபோனேன். ஜெனிற்றா என் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்கோ அங்கிள், அவ இன்னும் போகேல்லை."

சேர்வர் நிர்வாகத்தில் பார்வையாளர் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறது. நான் பத்து வருடமாக அதை வெறும் இலக்கமாகவே பார்த்தவன். அந்த வெறும் மணவறையைப் பார்த்துக்கொண்டு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு மனுசி இருக்கிறாள். நான் போய் மலரைக் கூட்டி வந்தேன். சாப்பாட்டுக்கு இருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் வந்து கமராவுக்கு முன்னால் நின்றாள். சனம் குறைந்தபடியால் இப்போது போனில் தாயின் குரல் தெளிவாகக் கேட்டது. போனை ஒலிபெருக்கியில் போட்டோம்.

நான்தான் முதலில் கதைத்தேன். ஒளிக்க மனம் வரவில்லை. "அம்மா, படம் நிண்டது என்ரை பிழையாலை. பஞ்சாங்கத்தை மாறிப் பாத்துப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பிள்ளை, ஒருக்கால் சுத்திக் காட்டு பாப்பம்" என்றார்.

மலர் கைகளை விரித்துக்கொண்டு மெல்ல ஒருமுறை சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டு நின்றாள். குரல் உடனே வந்துவிடும், படம் பாரிசுக்குப் போய்ச்சேர ஆறேழு விநாடி பிடிக்கும். அந்த ஆறேழு விநாடியும் அவள் கமராவைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நாங்களும் நின்றோம்.

பிறகு போனில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"உந்தக் கூறையை உடுக்கத்தான் இருவது நிமிசம் எடுத்தவையோ? கொய்யகத்து மடிப்பு ஏறிப்போய் நிக்குது, இடதுபக்கம் தொங்குது. நான் அங்கை நிண்டிருந்தால் அஞ்சு நிமிசத்திலை வடிவா உடுத்தி விட்டிருப்பன், மோளே."